கத்துக்குட்டி தோற்கும் விதம்

திருச்சி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். நடையை மட்டும் விட்டுவிடாதே. ஆனால் கடைசியில் ஒரு குத்து வைத்தாய் பார், "ஹாஸ்டலில் என்னிடம் தோற்றுக்கொண்டே இருந்தவன் எழுதின செஸ் என்ஜின் யாரை ஜெயிக்கப் போகிறது?" என்று. செஸ் ஆட நான் எழுதின அந்தக் கணினி நிரல் வேறு யாரை ஜெயிக்கிறதோ இல்லையோ, என்னை ஜெயிக்கிறது. உன்னையும் ஜெயிக்கும்டா.

எழுதுகிறவன் நன்றாக ஆட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங்கே செஸ்ஸில் சுமார்தான். ஓட்டிப் பார்க்கத் தோதான கணினி இல்லாத காலத்தில் அவர் செஸ் ஆடும் விதிமுறை ஒன்றை எழுதிவைத்தார். 1952இல் மான்செஸ்டரில் அலிக் கிளென்னி என்பவர் எதிரே உட்கார, டூரிங்கே இயந்திரம் மாதிரி காகிதத்தில் கணக்குப் போட்டுக் காய்களை நகர்த்தினார். அது 29ஆவது நகர்வில் தோற்றது. தோற்றதும்கூட நல்ல பரம்பரைதான் என்று நான் சொல்லிக்கொள்வேன்.

என்னுடையதற்குக் 'கத்துக்குட்டி' என்று பேர் வைத்திருக்கிறேன். முதல் வேலை, எந்தக் காய் எங்கே போகலாம் என்று பிழையில்லாமல் பட்டியல் போடக் கற்றுக்கொடுப்பது. இதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது, விடையும் ஊரறிந்தது. ஆட்டத் தொடக்கத்திலிருந்து வெள்ளைக்கு 20 நகர்வு. கறுப்பின் பதிலையும் சேர்த்தால் 400 வழி. மூன்றாவது அடியில் 8,902, நான்காவதில் 1,97,281, ஐந்தாவதில் 48,65,609. நம் நிரல் இதில் ஒன்று கூடச் சொன்னாலும் குறையச் சொன்னாலும் எங்கோ ஒரு விதி தவறு. கடைசிவரை படுத்துவது, இரண்டு கட்டம் தாண்டி வந்து நிற்கும் சிப்பாயைப் பக்கத்திலிருந்து வெட்டும் அந்த ஆன் பாஸான் விதி. ஒரே வரிசையில் நம் ராஜா, எதிரி யானை, நடுவே இரண்டு சிப்பாய்கள். வெட்டினவுடன் அந்த வரிசையிலிருந்து இரண்டு சிப்பாய்களும் ஒரே சமயத்தில் காணாமல் போகும். ராஜா நேரே யானையின் வாயில். வேறு எந்த வெட்டிலும் இப்படி நடக்காது என்பதால் நிரல் எழுதுகிறவர்கள் கண்ணில் இது தப்பிவிடும்.

சரி, போட்டிக்கு வருகிறேன். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிற எல்லோருக்கும் வருகிற ஆசை எனக்கும் வந்தது. இருக்கிற செஸ் என்ஜின்களிலேயே மகா பலசாலியான ஸ்டாக்ஃபிஷ்ஷோடு நேராக மோதவிட்டேன். ராத்திரி முழுக்க ஆடவிட்டுக் காலையில் பார்த்தால் ஒரு டிரா கூட இல்லை, மொத்தமும் தோல்வி. தோற்றதில் வருத்தமில்லை. அப்புறம் தேடும் வேகத்தை இரண்டு மடங்காக்கி மறுபடி மோதவிட்டால் அப்போதும் அதே பூஜ்யம்தான் வருகிறது. லாரி நிறுக்கும் எடைமேடையில் ஏலக்காயைக் கொட்டினால் முள் அசையுமா?

ஆடுகிறவரின் பலத்தை எண்ணால் சொல்லும் எலோ தரப்புள்ளிக் கணக்கு உனக்குத் தெரியும். ஜெயித்தால் ஒன்று, டிரா என்றால் அரை என்று எண்ணினால், 200 தரப்புள்ளி கூடுதலாக உள்ளவர் நூறு ஆட்டத்தில் 76 எடுப்பார். 400 கூடுதல் என்றால் 91. அதற்கு மேலே போகப்போக வளைவு தட்டையாகிவிடும், அளக்க அதில் ஒன்றும் மிஞ்சாது. எங்களுக்கும் ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கும் நடுவே ஆயிரத்துக்கும் மேல். எனவே அளப்பதற்கு வேண்டியது, நம்மைவிட நூறு, நூற்றைம்பது புள்ளி மட்டும் மேலே இருக்கிற எதிராளி. நூற்றுக்கு முப்பது புள்ளியாவது வாங்கினால்தான் அது நாளைக்கு முப்பத்தைந்தாகிறதா என்று பார்க்க முடியும்.

ஸ்டாக்ஃபிஷ்ஷின் பலத்தைக் குறைத்து ஆடவைக்க அதிலேயே வசதி உண்டு, இப்போதைய பதிப்புகளில் 1320 வரை இறக்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. பத்து நகர்வு கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆடிவிட்டுத் திடீரென்று ஒரு காயைத் தானமாகக் கொடுக்கும். அந்தத் தானத்தை வாங்கப் பழகின என்ஜின் வேறு யாரிடமும் பிழைக்காது. அதைவிட, தன் முழு பலத்தோடு ஆடியும் சுமாராக மட்டுமே ஆடுகிற பழைய என்ஜின்கள் எவ்வளவோ மேல். டாம் கெரிகனின் டிஎஸ்சிபி, பிறர் படித்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றே எளிமையாக எழுதப்பட்டது. அதைத் தாண்டுவதுதான் எங்கள் ஆரம்பப் பள்ளி. இப்போது நடுநிலைப் பள்ளியில் இருக்கிறோம். எட்டாத தூரத்தில் ஃபாபியன் லெத்தூசேயின் ஃப்ரூட் 2.1 நிற்கிறது. 2005இல் மூல நிரலோடு வெளிவந்தது அது. அதே வருஷம் ரெய்க்யாவிக்கில் நடந்த உலகக் கணினி செஸ் போட்டியில் ஃப்ரூட் இரண்டாவதாக வந்தது. இருபது வருஷப் பழசாச்சே என்று நினைத்துவிடாதே, இப்போதும் கத்துக்குட்டியைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறது.

எத்தனை ஆட்டம் ஆடவிட வேண்டும் என்பதுதான் புள்ளியியல் நடத்துகிற உன் சரக்கு. நூறு ஆட்டத்தின் முடிவில் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 60 புள்ளிக்குப் பக்கம் வருகிறது. ஆயிரம் ஆடினால் 20. நான் செய்கிற ஒரு திருத்தம் ஐந்து புள்ளி கொடுத்தாலே பெரிய விஷயம், அதை உறுதியாகச் சொல்லப் பத்தாயிரம் ஆட்டமும் போதாது. அதனால் ஆளுக்குப் பத்து விநாடி, நகர்வுக்குப் பத்தில் ஒரு விநாடி கூடுதல் என்று மின்னல் வேகத்தில் ஆடவிடுகிறேன். க்யூட் செஸ் என்ற மென்பொருள் நடுவராக இருந்து ஆட்டம் மேல் ஆட்டமாக நடத்தும். ஆபிரகாம் வால்ட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆயுதத் தரச்சோதனைக்காக உருவாக்கிய அந்தத் தொடர்முறைச் சோதனையைத்தான் இங்கேயும் பயன்படுத்துகிறார்கள். இத்தனை ஆட்டம் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், சாட்சியம் போதும் என்கிற இடத்தில் நிறுத்திக்கொள்வது. நீ வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருப்பாய். அது நள்ளிரவில் என் மடிக்கணினியில் விசிறி அலற ஓடுகிறது, வீட்டில் கரண்ட் பில் பற்றிய பேச்சும் கூடவே ஓடுகிறது.

அப்படியானால் ஸ்டாக்ஃபிஷ்ஷோடு ஆடியது வீணா என்றால், இல்லை. அளப்பதற்குத்தான் அது உதவாது. தோற்ற ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல எதிராளி கிடையாது. ஒன்றைச் சொல்கிறேன், பலகை வைத்துக்கொண்டு படி.

கத்துக்குட்டிக்குக் கறுப்பு. ராணிகள் வெட்டுப்பட்டுப் போய்விட்டன, நிலைமை சரிசமம். வெள்ளையின் பக்கம் வலது ஓரத்தில், எச்2 என்ற கட்டத்தில், வெள்ளைச் சிப்பாய் ஒன்று காவலில்லாமல் நிற்கிறது. டி6-இல் இருந்த மந்திரி பாய்ந்துபோய் அதை வெட்டியது. ஒரு சிப்பாய் லாபம் என்று, யார் கை ஓங்கியிருக்கிறது என்று கத்துக்குட்டி போடும் மதிப்பீடு துள்ளிக் குதிக்கிறது. ஸ்டாக்ஃபிஷ் அலட்டிக்கொள்ளாமல் ஜி சிப்பாயை ஜி3-க்கு ஒரு கட்டம் தள்ளியது. கதவு சாத்தியாயிற்று. இனி வெள்ளை ராஜா நிதானமாக நடந்துவந்து மந்திரியை எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு இரு தரப்புக்கும் ஐந்தாறு நகர்வு ஆகும். அந்த வேக ஆட்டத்தில் கத்துக்குட்டியின் பார்வை அவ்வளவு தூரம் எட்டாது. ஸ்டாக்ஃபிஷ்ஷின் பக்கம் மதிப்பீடு ஏறிக்கொண்டே போகிறது, இங்கே நம்மாள் இன்னும் லாபக் கணக்கில் இருக்கிறார். மந்திரி சாகப்போவது ஒருவழியாகத் தெரிந்ததும் செய்ததுதான் வேடிக்கை. ஒரு சிப்பாயைத் தள்ளி எதிரி யானையை மிரட்டும். யானை நகர்ந்தாக வேண்டும், சாவு இரண்டு அடி தள்ளிப்போய்ப் பார்வையிலிருந்து மறையும். உடனே நிம்மதி. அது திரும்பத் தெரிந்ததும் இன்னொரு சிப்பாய் பலி. கடைசியில் மந்திரியும் போய், காத்த சிப்பாய்களும் போயின. ஹொரைசன் எஃபெக்ட், அதாவது தொடுவான விளைவு, என்று கணினி செஸ் ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் பெர்லினர் பேர் வைத்தது இந்த வியாதிக்குத்தான்.

சிரிக்காதே. 1972இல், அதே ரெய்க்யாவிக்கில், உலக சாம்பியன் போட்டியில் ஸ்பாஸ்கிக்கு எதிரான முதல் ஆட்டத்தின் 29ஆவது நகர்வில் பாபி ஃபிஷர் இதே எச்2 சிப்பாயை மந்திரியால் வெட்டி, அது மாட்டிக்கொண்டு, தோற்றார். அவருக்கு அது தெரியாமல் போனதா, துணிந்து செய்தாரா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். கத்துக்குட்டி விஷயத்தில் சந்தேகமே இல்லை.

மருந்து மூன்று நாலு வரி. கறுப்பு மந்திரி எச்2-வில், வெள்ளைச் சிப்பாய் ஜி3-இல் இருந்தால் ஒரு சிப்பாய்க்கும் மேலான மதிப்பைக் கழித்துவிடு. மற்ற மூன்று மூலைகளுக்கும் அப்படியே. சேர்த்த பிறகு அந்தப் பாய்ச்சல் நின்றுவிட்டது. பார்க்கவே அழகாக இருந்தது. அப்புறம் அளந்தால் முன்னேற்றம் பிழை வரம்புக்குள்ளேயே நிற்கிறது! அப்படிப்பட்ட நிலை அபூர்வமாகத்தான் வருகிறது, அதனால் மொத்தக் கணக்கில் அது தெரிவதில்லை. இதற்கு நேர்மாறாக, 'நல் மூவ்' என்று ஒரு உத்தி. நம் முறை வரும்போது சும்மா இருந்து, எதிராளியை இரண்டு தடவை ஆடவிட்டும் நம் நிலை நன்றாகவே இருந்தால் அந்த நகர்வு வரிசையை மேலும் தோண்டாமல் விட்டுவிடுவது. எந்த ஒரு ஆட்டத்தைப் பார்த்தாலும் அது கண்ணில் படாது, புள்ளியோ கிடுகிடுவென்று ஏறியது. ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சுகிற முடிவாட்டங்களில் மட்டும் அதை அணைத்துவைக்க வேண்டும், அங்கே சும்மா இருப்பதே பெரிய லாபமாகிவிடும் நேரங்கள் உண்டு.

மதிப்பீட்டு விதிகளை நாமே எழுதாமல், ஆட்டங்களிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க் போடேன், எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். உண்மைதான். ஜப்பானில் அவர்கள் ஊர் செஸ்ஸான ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு 2018இல் கொண்டுவந்த முறையை 2020இல் ஸ்டாக்ஃபிஷ் எடுத்துக்கொண்டது, பலம் எகிறியது. நானும் போட்டால் பல நூறு புள்ளி ஏறும். ஆனால் மந்திரி ஏன் எச்2-வுக்குப் போனது என்று கேட்டால் எந்த வரியையும் காட்டிப் பதில் சொல்ல முடியாது. எனக்கு இதில் கிடைக்கிற சுகமே அந்த வரியைத் தேடிப் பிடிப்பதுதான். ஆகவே இப்போதைக்கு இல்லை.

உனக்கு இரண்டு வேலை. ஒரே ஓப்பனிங்கை, அதாவது ஒரே தொடக்க நிலையை, இரண்டு என்ஜினும் பக்கம் மாற்றி ஆடுகின்றன. அந்த இரண்டு ஆட்டங்களும் ஒன்றையொன்று சாராதவை என்று சொல்ல முடியாது. ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் ஜோடியையே ஒரு முடிவாக எடுத்து 0, அரை, 1, ஒன்றரை, 2 என்று ஐந்து விதமாக எண்ணுகிறார்கள், பிழை வரம்பு அதனால் குறைகிறது என்கிறார்கள். ஏன் குறைகிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி அரைப் பக்கம் எழுதி அனுப்பு. இரண்டாவது, கத்துக்குட்டியை உனக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். எத்தனை நகர்வு முன்னே பார்க்கலாம் என்கிற ஆழத்தை ஐந்து என்று வைத்து ஆடு. நீ ஜெயிக்கிற ஆட்டம் இருந்தால் மட்டும் அனுப்பு, மற்றது எனக்கு வேண்டாம்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரகு