96 அல்ல, 10080

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் மாணவர் பக்கத்தில் வந்த இராமானுஜன் குறிப்பில், 6746328388800 என்ற எண்ணுக்கு 96 காரணிகள் என்று போட்டிருக்கிறீர்கள். சரியான விடை 10080. இதை அச்சுப்பிழை என்று விட்டுவிட முடியவில்லை, ஏனென்றால் 96 எங்கிருந்து வந்தது என்பது நன்றாகவே தெரிகிறது.

அந்த எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. அடுக்குகளை அப்படியே பெருக்கினால் 6 × 4 × 2 × 2 = 96. ஆனால் ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிவிட்டுத்தான் பெருக்க வேண்டும். ஒரு காரணியில் 2 என்பது ஆறு முறை வரலாம், வராமலேயும் போகலாம். ஆக 0 முதல் 6 வரை ஏழு வழி. இப்படியே போனால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080. வகுப்பில் பிள்ளைகள் வழுக்கி விழும் இடமும் இதுதான். 12-ஐ (2² × 3) எடுத்துச் செய்யச் சொன்னால் குட்டு உடைந்துவிடும்: பழைய வழியில் 2 வரும், விரல் விட்டு எண்ணினால் 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு இருக்கும்.

பிரிப்பு சரிதானா என்று பார்க்க, 13 இலக்கம் 12 இலக்கக் கால்குலேட்டரில் அடங்காது. கையால் தொடங்குவது நல்லது. வலமிருந்து மும்மூன்றாக வெட்டுங்கள்: 6, 746, 328, 388, 800. (இலட்சம், கோடிக்குப் போடுவதுபோல் இரண்டிரண்டாக வெட்டினால் இந்தச் சோதனை பலிக்காது.) மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் 800 − 388 + 328 − 746 + 6 = 0. எனவே எண் 1001-ஆல், அதாவது 7, 11, 13 மூன்றாலும் மீதியின்றி வகுபடும். ஈவு 6739588800, பத்தே இலக்கம், இனி கால்குலேட்டரைத் தொடலாம். 7, 17, 19, 23 என்று அடுத்தடுத்து வகுத்தால் 129600-இல் வந்து நிற்கும். அது 360-இன் வர்க்கம்.

இது உயர் பகு எண். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. 1 முதல் 28 வரை எல்லா எண்ணாலும் வகுபடும், 29-இல்தான் முரண்டு பிடிக்கும். அடுக்குகள் இறங்குவரிசையில் இருப்பது தற்செயல் அல்ல. 2-இன் அடுக்கையும் 3-இன் அடுக்கையும் இடம் மாற்றினால் காரணிகள் அதே 10080தான், எண் மட்டும் இரண்டேகால் மடங்கு பெருத்துவிடும்.

இராமானுஜன் 1915-இல் வெளியிட்ட கட்டுரையின் பட்டியலில் இதுவே கடைசி எண். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது இந்த ஆய்வுக்காகத்தான். 1912-இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் நம் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். இராயபுரத்தில் அவருக்கென ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. இருந்தும் அவர் பிறந்த நாளான டிசம்பர் 22 வந்தால் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில், ‘இராமானுஜன் எண்’ எனப்படும் 1729-ஐ விட்டால் வேறு பேச்சில்லை. 1729 என்பது 7 × 13 × 19, மொத்தமே எட்டுக் காரணிகள்!

திருத்தம் வெளியிடும்போது இன்னொன்றையும் சேர்த்தால் நல்லது. இராமானுஜனின் அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. அதற்கு முந்தைய உயர் பகு எண் 240940299600, காரணிகள் 4800. அடுத்தது 321253732800, காரணிகள் 5376. இந்த இரண்டிலும் 7 ஒரு முறைதான் வரும், 23 உண்டு. விடுபட்டதில் 23 இல்லை, 7 இரு முறை வரும், காரணிகள் 5040. அதை 23-ஆல் பெருக்கினால் தங்கள் குறிப்பில் வந்த அதே எண் கிடைக்கும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.