கோயில் வரிக் கடதாசி

அன்பு மகளுக்கு,

கோயிலில் இருந்து பெயரை வெட்டப் போகிறேன் என்று நீ போனில் சொன்ன நாளில் இருந்து அம்மா செபமாலையைக் கீழே வைக்கவில்லை. நான் அவவைப் போல விடியப்புறமே பூசைக்கு ஓடுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். அதனால்தான் நான் எழுதுகிறேன். போனில் கதைத்தால் இரண்டு பேரும் சத்தம் போடுவோம்.

முதலில் காசுக் கதையை முடிப்போம். ஜேர்மனியில் கத்தோலிக்கர் என்று பதிந்தவரிடம் வருமான வரிக்கு மேலே, அந்த வரியில் 8 அல்லது 9 வீதத்தை அரசாங்கமே பிடித்துத் திருச்சபைக்குக் கொடுக்கிறது. உங்கள் பக்கத்தில் நீதிமன்றத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்தால் அது நின்றுவிடும். 2022இல் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கத்தோலிக்கர் அப்படி வெளியேறியிருக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் ஒரு மூட்டை நெல்லைக் கோயில் விறாந்தையில் இறக்கிவிட்டு வருகிற எனக்கு, வரிக் கந்தோர் காணிக்கை பிடிப்பது மனதுக்கு ஒட்டவே இல்லை. இந்த வசனத்தை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட மாட்டேன்.

அடுத்தது, குருமார் பிள்ளைகளுக்குச் செய்த அநியாயம். அங்கத்தைய ஆயர்களே செய்வித்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. 1946 முதல் 2014 வரையான காலத்துக் கோப்புகளில் 3,677 பிள்ளைகள், குற்றம் சாட்டப்பட்ட குருமாரும் துறவியருமாக 1,670 பேர். அதைக் கேட்டும் கோபம் வராதவனுக்கு விசுவாசம் இருக்கிறது என்று நான் நம்ப மாட்டேன். அந்தக் கோபத்தில் கையெழுத்து வைக்கிறாய் என்றால் மறிக்க எனக்கு வாய் இல்லை.

ஆனால் கடைசியாக ஒன்று சொன்னாயே, மதம் வீட்டுக்குள் இருக்க வேண்டிய விசயம், வெளியில் அதற்கு என்ன வேலை என்று. அங்கேதான் எனக்கு உன்னோடு வழக்கு.

அரசு மதத்தில் இருந்து தள்ளி நிற்க வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம்தான். 1978 இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த நாட்டில் இருக்கிறேன். அரச திருச்சபை கிடையாது என்று 1919இலேயே எழுதி வைத்த உங்கள் ஜேர்மனியைப் பார்த்தால் பொறாமைதான் வருகிறது. எங்கள் ஆட்களும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. 2019இல் சிவராத்திரிக்கு முதல்நாள் திருக்கேதீச்சரம் சிவன் கோயில் வளைவைப் பிடுங்கி எறிந்தார்களே, அதற்குப் பிறகு அயலில் உள்ள சைவச் சனத்தின் முகத்தில் முழிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. மடு மாதா திருநாளுக்கு எங்களோடு சேர்ந்து வந்து, பாம்புக்கடிக்கு மருந்தென்று மடு மண் எடுத்துப் போகிற சனம் அது.

சரி, வெளியில் என்ன வேலை என்று கேட்டாய். சண்டை நெருங்கிய 2008 செப்டெம்பரில் ஐ.நா. ஆட்களும் அநேகமான வெளிநாட்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறினார்கள். அரசாங்கம் போகச் சொன்னது, போனார்கள். போகாதீங்கோ என்று கிளிநொச்சியில் சனம் அவர்களின் வாசலில் நின்று கேட்டுப் பார்த்தது. அதற்குப் பிறகு எங்களோடு ஒவ்வொரு இடமாக இடம்பெயர்ந்து வந்தவர்களில் பாதர்மாரும் கன்னியாஸ்திரிகளும் இருந்தார்கள். அவர்களும் போயிருக்கலாம். தறப்பாளுக்குக் கீழே பூசை வைத்தார்கள், காயப்பட்டவர்களைத் தூக்கினார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். அதற்கு முன்னமே, அந்த வருசம் ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, மல்லாவி வவுனிக்குளம் வீதியில் கிளைமோர்க் குண்டில் செத்துப் போனவர், மனித உரிமைக்காக வேலை செய்த கருணாரட்ணம் அடிகளார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏறினார். இன்றைக்கு வரைக்கும் அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அப்புறம் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை. 2011 ஜனவரியில் போருக்குப் பிறகு அரசாங்கம் வைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் போய் இருந்து, கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) கணக்கின்படி வன்னியில் இருந்த சனத்தில் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அரசாங்கத்தின் பதிவுகளை வைத்தே கூட்டிக் கழித்த கணக்கு அது. அந்த நேரத்தில் இங்கே யாரும் உரக்கக் கதைக்கிற நிலையில் இருக்கவில்லை. விசுவாசத்தை வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்த மனிதர் என்றால் அந்தக் கதிரையில் போய் இருந்திருப்பாரா?

நான் கோயிலை மதிப்பது இதற்காகத்தான், பிள்ளை. பிரசங்கம் நல்லது என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. இங்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் ரியூசன், பூசையில் பாதி வாங்கு வெறுமை. மறைக்கல்விக்குப் பிள்ளைகளைப் பிடித்து வர ஆசிரியைமார் படுகிற பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். உங்கள் ஊரில் நடப்பது இங்கே மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்று செய். ஆகஸ்டில் அங்கே உள்ள எங்கள் ஆட்கள் கெவெலார் மாதா கோயிலுக்கு யாத்திரை போவார்களே, ஒருதரம் போ. செபிக்கத் தேவையில்லை. வயதான சனம் அங்கே எதற்காக வருகிறது, காணாமல் போன பிள்ளையின் படத்தோடு வந்தவர் யார், சைவக்காரர் எத்தனை பேர் மெழுகுதிரி கொளுத்துகிறார்கள் என்று பார். அதெல்லாம் வீட்டுக்குள் அடங்குகிற விசயமா என்று பிறகு எனக்குச் சொல்லு.

இன்னொன்று, இது அலுவல். தம்பியின் மகனுக்கு நீ ஞானத்தாயாக நிற்பதாகச் சொல்லியிருக்கிறாய். அங்கே கையெழுத்து வைத்து வெளியேறினவர்கள் ஞானப்பெற்றோராக நிற்க முடியாது என்று ஜேர்மன் ஆயர்கள் 2012இல் எழுதி வைத்திருக்கிறார்கள். நற்கருணையும் இல்லை. காசைக் கட்டாதவருக்கு அப்பம் இல்லையா என்று எனக்கும் எரிச்சல்தான், ஆனால் சட்டம் அதுதான். மார்கழியில் ஞானஸ்நானம். நீ முடிவை எப்படி எடுத்தாலும் ஐப்பசிக்கு முன்னம் சொல்லு. வேறு ஆளைப் பிடிப்பதென்றால் தம்பியின் மனைவி தன் அக்காவைத்தான் கேட்பா, பிறகு அம்மாவைச் சமாளிக்க என்னால் ஏலாது.

அன்புடன்,
அப்பா