அம்மாவைத் தெம்பாக்கி அனுப்பிய எல்லோருக்கும்

வணக்கம். ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. நேற்று விடியக்காலையில் யாரையும் கூப்பிடாமல் தானே எழுந்து, வாசலில் சின்னதாக ஒரு கோலம் போட்டுவிட்டு வந்துதான் என்னை எழுப்பினார். உங்களில் பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடல்.

அம்மாவுக்கு 76 வயது. மேலூர்ப் பக்கம் கிராமம், போன வருடம்வரை களையெடுக்கப் போனவர். ஆறே மாதத்தில் 51 கிலோவிலிருந்து 44 கிலோவுக்கு இறங்கிவிட்டார், நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. வயசானால் அப்படித்தான் என்று நாங்களும் சும்மா இருந்துவிட்டோம், அது எங்கள் தப்பு. பெருங்குடலின் வலது பக்கத்தில் கேன்சர் கட்டி. அந்த இடத்தில் கட்டி வந்தால் ரத்தம் கண்ணுக்குத் தெரியாமலே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியுமாம். ஹீமோகுளோபின் 7.8தான் இருந்தது.

முதலில் காட்டிய இடத்தில், "இந்த வயசுக்கு ஆபரேஷன் தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவை ஒரு தடவை எழுந்து நிற்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. அதே 76 வயதில் எங்கள் பெரியப்பா இன்றைக்கும் கண்மாய்க்கரை வரை மாடு ஓட்டிக்கொண்டு போய் வருகிறார். வயதை மட்டும் வைத்து எப்படி முடிவு சொல்ல முடியும்?

அதற்குப் பிறகுதான் மதுரையில் உங்களிடம் வந்தோம். சர்ஜன் அய்யா, நீங்கள் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கட்டியை எடுத்துவிடலாம், ஆனால் அதற்கு முன்னால் அம்மா தாங்குவாரா என்று பார்க்கணும்" என்று சொல்லி முதியோர் மருத்துவரிடம் அனுப்பினீர்களே, அந்த ஒரு சீட்டுக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. அந்த டாக்டரம்மா முக்கால் மணி நேரம் அம்மாவோடு இருந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்த்தார், 24 விநாடி ஆனது. கையை ஊன்றாமல் அம்மாவால் எழவே முடியவில்லை. கைப்பிடி எவ்வளவு இறுக்கம், சமையல் யார் செய்கிறார்கள், ஞாபகம் எப்படி, எத்தனை மாத்திரை என்று எல்லாம் கேட்டார். உடல் எவ்வளவு நலிந்திருக்கிறது என்று பார்க்க, கனடாவில் உருவாக்கிய 1 முதல் 9 வரையான அளவுகோலில் அம்மா 5 என்றார், எண் கூடக்கூட நலிவு அதிகமாம். உடல் நலிந்திருக்கிறது, ஆனால் இதைக் கொஞ்சமாவது மீட்கலாம் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு அழுகையே வந்தது.

குடல் அடைப்பு இல்லாததால் 3 வாரம் பொறுக்கலாம் என்றார்கள். சொந்தக்காரர்கள் சும்மா விடவில்லை, கேன்சரை வைத்துக்கொண்டு நாள் கடத்துகிறாயே என்று அண்ணனை ஏசினார்கள். அந்த 3 வாரம் நாள் கடத்தல் இல்லை என்பதை அவர்களும் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். ராத்திரித் தூக்கத்துக்கென்று பல வருடமாகப் போட்டுவந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள், ஆபரேஷனுக்குப் பிறகு புத்தி குழம்ப அதுவும் ஒரு காரணமாகிவிடுமாம். உணவு ஆலோசகர் தங்கச்சி, ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் என்று நீங்கள் சொன்னதும் நாங்கள் மலைத்துப்போனோம். ஒரு முட்டையில் 6 கிராம்தானே! அப்புறம் நீங்களே உட்கார்ந்து பருப்பு, சுண்டல், தயிர், அயிரை மீன் என்று அம்மா வாய்க்குப் பிடித்ததாகவே கணக்குப் போட்டுக் கொடுத்தீர்கள். தினமும் முட்டை கொண்டுவந்து கொடுத்துக் காசு வாங்க மறுத்த எதிர்வீட்டு மதினி, உங்களையும் மறக்கவில்லை.

பிசியோதெரபி தம்பி, உனக்குத்தான் பெரிய நன்றி. மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த மூன்று பந்துக் கருவியை நாங்கள் ஊதிக்கொண்டிருந்தோம், எல்லோரும் அதைப் பந்து ஊதுவது என்றுதானே சொல்கிறார்கள். ஊதக்கூடாது, உறிஞ்சி இழுக்கணும் என்று நீ சொல்லித்தான் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து எழ, முதல் நாள் 3 தடவைக்கே அம்மாவுக்குக் கால் நடுங்கியது. பிறகு சாயங்காலம் பெரியாறு கால்வாய்க் கரையில் நடை, முதலில் புளியமரம் வரைக்கும், மூன்றாவது வாரம் மதகு வரைக்கும். திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்து அதே 3 மீட்டர் நடந்தபோது 15 விநாடி, ஹீமோகுளோபின் 9.9. அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே உட்கார வைத்து, நாலு அடி நடக்கவும் வைத்தீர்கள். எட்டாம் நாள் வீடு.

இடையில் இரண்டாம் நாள் ராத்திரி மட்டும் அம்மா எங்களைப் பயமுறுத்திவிட்டார். மாட்டை அவிழ்த்துக் கட்டணும் என்று சொல்லி ட்யூபைப் பிடுங்கப் போனார், என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். நைட் டூட்டி சிஸ்டர், நீங்கள் சத்தம் போடவில்லை, கையைக் கட்டவில்லை, டாக்டருக்குச் சொல்லிவிட்டு நேராக அம்மாவின் கண்ணாடியை எடுத்து மாட்டினீர்கள். "இது ஆஸ்பத்திரி அப்பத்தா, ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, இந்தா உங்க மக பக்கத்துல இருக்கா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! விடியும்போது அம்மா என் பெயரைச் சொல்லிக் காபி கேட்டார்.

உங்கள் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. குரலைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவேன் என்கிறார் அம்மா. அடுத்த வாரம் புதன்கிழமை செக்கப்புக்கு வருகிறோம். அன்று டூட்டியில் இருந்தால் வார்டு வாசல் வரைக்கும் வாருங்கள், உங்களுக்கென்று அம்மா தன் கையாலேயே எள்ளுருண்டை பிடித்து வைத்திருக்கிறார்.