கோஸ் பிடிக்காதவளுக்கு

கிராக்கோவ், போலந்து,
நவம்பர் 23

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேரன் கண்ணசரும் நேரத்தில்தான் பேனாவைத் தொட முடிகிறது, அவனுக்கோ கோழித்தூக்கம். உன் வீட்டு அண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்து நிம்மதி. மாடிப்படி ஏறலாம் என்று டாக்டர் சொன்னாலும் நீ விடாதே. தொட்டி நிரம்பிவிட்டதா பார்க்கிறேன் என்று மொட்டைமாடிக்குக் கிளம்பிவிடுவார், எனக்குத் தெரியாதா அவரை!

இங்கே இப்போது மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. நாலரைக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ராத்திரி எட்டு மணி போல இருக்கிறது. பசியும் அதற்கேற்றாற்போல் சீக்கிரம் வருகிறது.

"அங்கே ரொட்டியும் ஜாமும் தின்று காலம் தள்ளுகிறாயா" என்று கேட்டிருந்தாய். இல்லையடி. ஐ.டி. வேலைக்கு வந்த நம் பிள்ளைகள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். துவரம்பருப்பு, புளி, பெருங்காயம் எல்லாம் கடையில் கிடைக்கிறது. மதியம் ரசம் சாதம்தான். ராத்திரி மட்டும் பல நாள் இந்த ஊர்ச் சாப்பாடு. அதில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது எது தெரியுமா? முட்டைக்கோஸ். சிரிக்காதே, முழுக்கப் படி.

ஹாஸ்டலில் கோஸ் கூட்டு போடுகிற நாளில் நீ மெஸ் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி, என் டிரங்குப் பெட்டியில் இருந்த முறுக்கைத் தின்று பசியாறியவள். அந்த நாற்றம் கோஸின் குற்றமில்லை. முப்பது வருஷம் தாவரவியல் நடத்திய டீச்சரம்மாவுக்கு நான் பாடம் எடுக்கவேண்டியிருக்கிறது பார். கோஸில் இருக்கும் கந்தகச் சத்து, தண்ணீரில் போட்டு மூடி வேகவைக்க வைக்க, அழுகின முட்டை வாடையாக அவிழ்கிறது. நம் மெஸ்ஸில் காலையில் அண்டாவை ஏற்றினால் மத்தியானம் மணி அடிக்கும்வரை இறக்கமாட்டார்கள். நாறாமல் என்ன செய்யும்? அதே கோஸைத் தண்ணீரே விடாமல் திறந்த வாணலியில் வெண்ணெய் போட்டு நிதானமாக வதக்கினால், அதிலிருக்கும் இனிப்பு மேலே வந்து, ஓரமெல்லாம் பொன்னிறமாகிவிடும். வீடு முழுக்க வேறொரு வாசனை.

இந்தக் கோஸோடு சதுரம் சதுரமாக வெட்டிய கோதுமை நூடுல்ஸைச் சேர்த்தால் அதுதான் வஸான்கி. வெங்காயம், வெண்ணெய், உப்பு, மிளகு. அவ்வளவுதான் சாமான். இறைச்சி சாப்பிடுகிறவர்கள் கியெவ்பாசா என்கிற புகையூட்டிய சாசேஜை நறுக்கிப் போடுவார்கள். போடாமல் செய்தாலும் அது முழுச் சாப்பாடுதான், குறையுள்ள சாப்பாடாக யாரும் நினைப்பதில்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி. எண்பதைத் தாண்டியவர். அவருக்குத் தமிழும் தெரியாது ஆங்கிலமும் தெரியாது, எனக்குப் போலிஷ் வணக்கத்தோடு சரி. கதை கேட்கவேண்டுமானால் மொழிபெயர்க்க என் மகள் வீட்டில் இருக்கவேண்டும். சமையலுக்கு அது தேவைப்படவில்லை. மேஜைமேல் மாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, முட்டையை உடைத்து ஊற்றி, வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விரலாலேயே சுற்றிக் கலக்குவார். பிசைந்த மாவை ஒரு கிண்ணத்தால் கவிழ்த்து மூடி அரைமணி விட்டுவிட்டு, மெல்லியதாகத் தேய்த்துத் துணிமேல் போட்டு லேசாக உலரவைப்பார். ஈரத்தோடு வெட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலர்ந்ததும் மாவு தூவி, நாடா நாடாவாகக் கீறி, நாடாக்களை அடுக்கிவைத்துக் குறுக்கே வெட்டினால் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய சதுரங்கள் உதிரும். வெட்டும்போது அந்தம்மாள் கத்தியைப் பார்ப்பதே இல்லை. கண் முழுக்க என் பேரன்மேல், வாய் அவனிடம் ஏதோ பேசிக்கொண்டிருக்கும், கத்திபாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். காய்ந்த வஸான்கிச் சதுரங்கள் கடையில் பாக்கெட்டாகவே கிடைக்கின்றன, என் மகள் அதைத்தான் வாங்குவாள். பாட்டி அதைக் குறை சொன்னதில்லை. பாக்கெட்டைப் பார்த்ததும் உதட்டை மட்டும் லேசாக இறுக்கிக்கொள்வார்.

வஸான்கியை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு இத்தாலிய ராணி என்று இங்கே ஒரு கதை உண்டு. போனா ஸ்ஃபோர்ட்ஸா, 1518 இல் முதலாம் சிக்மண்ட் ராஜாவைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த ஊர் வாவெல் கோட்டைக்கு வந்தவள். சூப்புக்குப் போடுகிற காரட், செலரிக் கிழங்கு, பார்ஸ்லி, லீக் எல்லாம் சேர்த்துக் கட்டிய கட்டை இன்றைக்கும் சந்தையில் 'இத்தாலிச் சரக்கு' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள், அதுவும் அவள் புண்ணியம் என்கிறார்கள். எனக்கு என்னவோ, மாவைத் தேய்த்து வெட்ட ஒரு ராணி வந்துதான் சொல்லிக்கொடுத்தாள் என்பதை நம்ப முடியவில்லை. அடுப்படியில் இருக்கிறவர்களுக்குப் பேர் கிடைப்பது எந்த ஊரிலும் இல்லை போலிருக்கிறது.

சரி, நீ எப்படிச் செய்யவேண்டும் என்று எழுதுகிறேன். உங்கள் இரண்டு பேருக்கு அரைக்கிலோ கோஸ் எடுத்துக்கொள். பொரியலுக்கு நறுக்குகிற மாதிரி பொடியாக வேண்டாம், நூடுல்ஸ் சதுரம் என்ன அளவோ அதே அளவில் நறுக்கு. பெரிய வெங்காயம் இரண்டு. வெண்ணெய் 50 கிராம், இதில் கஞ்சத்தனம் கூடாது. வெண்ணெய் உருகியதும் வெங்காயத்தைப் போட்டுப் பொன்னிறமாக்கி, கோஸைக் கொட்டி உப்புப் போடு. முதலில் வாணலி வழியும்போல இருக்கும். உப்புப் பட்டுத் தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரும் வற்றி, அரைமணியில் பாதிக்கும் கீழே அடங்கிவிடும். தீ மிதமாக இருக்கட்டும், மூடி வேண்டாம், அவ்வப்போது கிளறினால் போதும். ஓரம் சிவக்கும்போது மிளகைத் தாராளமாகப் பொடித்துப் போடு. இங்கே க்மினெக் என்று ஒன்று அரை ஸ்பூன் சேர்ப்பார்கள். பார்க்க அச்சு அசல் நம் சீரகம், கடித்தால் சோம்புக்குப் பக்கத்தில் போகிற வேறு ருசி. அது கிடைக்காவிட்டால் விட்டுவிடு, சீரகத்தைப் போடாதே.

நூடுல்ஸுக்கு மைதாவையோ கோதுமை மாவையோ பிசைந்து வெட்டிக்கொள். வீட்டில் முட்டை புழங்காததால் வெந்நீர் மட்டும் போதும். வெட்டப் பொறுமை இல்லையென்றால் சூப்பர்மார்க்கெட்டில் லசானியா ஷீட் வாங்கி உடைத்துப் போடு, ஒன்றும் பாவமில்லை. இரண்டு பேருக்கு 150 கிராம். உப்பு நீரில் வேகவைத்து, கொஞ்சம் விறைப்பு இருக்கும்போதே வடித்து, கோஸோடு கொட்டிப் புரட்டு. அப்புறம் இரண்டு மூன்று நிமிஷம் கிளறாமல் சும்மா விடு. அடியில் அங்கங்கே பிடித்து மொறுமொறுப்பாகும் பார், அந்தத் துண்டுகளுக்குத்தான் எங்கள் வீட்டில் சண்டை.

கடுகு தாளிக்கக் கூடாது. உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல், எதுவும் கூடாது. உன் கை தானாக அஞ்சறைப்பெட்டிப் பக்கம் போகும், அதை நான் இங்கிருந்தே பார்க்கிறேன். தாளித்துவிட்டால் அது இன்னொரு கோஸ் பொரியல், அதில் மாவுத் துண்டு மிதக்கும். நாம் ருசியை வெளியிலிருந்து கொண்டுவந்து காயின்மேல் ஏற்றுகிறோம். இவர்கள் இரண்டே வழியில் காய்க்குள்ளிருந்தே எடுக்கிறார்கள், ஒன்று சிவக்க வதக்குவது, இன்னொன்று புளிக்கவைப்பது. இந்தச் சாப்பாடு சப்பென்று இருக்கும் என்று நாம் பேசுவதெல்லாம் அந்த இரண்டையும் அவசரப்பட்டுச் செய்த தட்டில் சாப்பிட்டுவிட்டுப் பேசுவதுதான்.

புளித்த கோஸைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான். ஸ்தாரி க்ளெபாஷ் என்று ஊர் நடுவில் பழைய சந்தை ஒன்று இருக்கிறது. அங்கே பீப்பாயில் அள்ளி விற்பார்கள். கேட்டால் ஒரு சிட்டிகை எடுத்துக் கையில் கொடுப்பார்கள், வாயில் போட்டுப் பார்த்து, புளிப்பு நமக்குத் தோதாக இருந்தால் வாங்கலாம். நான் எல்லாப் பீப்பாயிலும் ருசி பார்த்துக்கொண்டே போவேன், மாப்பிள்ளை வெட்கப்பட்டுத் தள்ளி நிற்பார். கோஸை மெல்லியதாகச் சீவி, கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்புப் போட்டு, அதன் சாறே அதை மூழ்கடிக்கும்வரை இடித்து, மேலே கனம் வைத்து அழுத்திவிடுவார்கள். அந்தக் காலத்தில் கிராமங்களில் பிள்ளைகளின் காலைக் கழுவி பீப்பாய்க்குள் இறக்கி மிதிக்கவிடுவார்களாம். பாட்டியும் மிதித்திருக்கிறார், சொல்லும்போதே எழுந்து மிதித்துக் காட்டினார். உனக்குப் பிடித்த விஷயம் ஒன்று சொல்கிறேன்: இட்லி மாவைப் பொங்கவைக்கிறதே லூக்கோனோஸ்டாக் என்கிற நுண்ணுயிர், இந்தக் கோஸிலும் முதலில் வேலையை ஆரம்பிப்பது அதே ஆள்தான். இங்கத்திய குளிருக்கு வாரக்கணக்கில் ஆகிறது. நம்மூர் வெக்கையில் மூன்று நாலு நாளிலேயே ருசி பார்த்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடவேண்டும்.

அந்தப் புளித்த கோஸில் செய்கிற வஸான்கிதான் எனக்கு முதலிடம். பிழிந்து நறுக்கி, பிரிஞ்சி இலையும் ஊறவைத்த காய்ந்த காளானும், காளான் ஊறிய தண்ணீரும் சேர்த்து முக்கால்மணி வேகவிட்டு, பிறகு வெங்காயம் வதக்கிய வெண்ணெயில் சேர்ப்பார்கள். புளிப்பு இருப்பதால் சீக்கிரத்தில் குழைந்துபோகாது.

பாட்டியின் நடுவயதில் இது வசதிக்கு ஏற்ற சாப்பாடாக இருந்திருக்கிறது. இறைச்சிக்கு 1981 முதல் 1989 வரை இங்கே ரேஷன் கார்டு. 1981 டிசம்பர் 13 ஆம் தேதி ராணுவச் சட்டம் வேறு வந்துவிட்டது. கார்டு கையில் இருந்தாலும் கடையில் சரக்கு இருக்கவேண்டுமே, விடியுமுன் போய் வரிசையில் நின்றாராம். விரல் நீளத்துக்கு சாசேஜ் கிடைத்தால் அதைப் பொடியாக நறுக்கி நாலு பேர் வஸான்கியில் வாசனைக்குப் போடுவாராம். இப்போது கடை நிறையத் தொங்குகிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை அவர் இறைச்சி தொடுவதில்லை, அது விரதம். அன்று கோஸ் மட்டும்தான், அன்றுதான் என்னையும் கூப்பிடுவார்.

டிசம்பர் 24 ராத்திரி விருந்துக்கும் எங்கள் எல்லாரையும் அழைத்திருக்கிறார். வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் உட்காருவார்கள். மேஜைவிரிப்புக்கு அடியில் வைக்கோல், பன்னிரண்டு வகைச் சாப்பாடு, எதிலும் இறைச்சி இல்லை, மீன் உண்டு. சொல்லாமல் வருகிற விருந்தாளிக்கு என்று ஒரு தட்டு அதிகமாக வைப்பார்களாம். கோஸும் காளானும் அன்றைக்கு எப்படியும் உண்டு. நான் அதிரசம் செய்து எடுத்துப்போகலாமா என்று யோசிக்கிறேன், பாகுப் பதம் இந்த ஊர் அடுப்பில் வருமா தெரியவில்லை.

உன் அண்ணன் மகன் பிட்ஸ்பர்கில்தானே இருக்கிறான்? அவனைக் கேட்டுப் பார். அந்தக் காலத்தில் போலந்திலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் அங்கே இரும்பாலைக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் போனவர்கள் இதையே ஹலுஷ்கி என்று கொண்டுபோயிருக்கிறார்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அங்குள்ள சர்ச்சுகளில் மீன் வறுவலோடு இதையும் விற்பார்கள். வெங்கடாசலபதி கோயில் புளியோதரையிலேயே அவன் வயிறு நிறைந்துவிடும் என்று சொல்லாதே, ஒரு தடவை வாங்கிச் சாப்பிடச் சொல்.

இன்னொரு வேடிக்கை. பூக்காரம்மா கதம்பத்தில் வைத்துக் கட்டுவாளே மரு, அதைக் காயவைத்து இங்கே சூப்பில் போடுகிறார்கள். முதல் வாய் எடுத்ததும் எனக்குக் கோயில் பிராகாரம் ஞாபகம் வந்துவிட்டது, சாப்பிடுவதா கன்னத்தில் போட்டுக்கொள்வதா என்று ஆகிவிட்டது.

மார்ச்சில் ஊருக்கு வருகிறேன். காய்ந்த காளானும் க்மினெக்கும் கொண்டுவருவேன், உன் மிக்ஸியில் எதுவும் அரைக்காமல் உன் அடுப்பிலேயே செய்துகாட்டுகிறேன். அதற்குள் நீ ஒரு தடவை செய்துபார்த்து எழுது, பிடிக்கவில்லை என்றாலும் எழுது. சின்னவளுக்கு வந்த திருச்சி வரன் என்ன ஆயிற்று? பையன் வேலை வெளிநாடா உள்நாடா, ஜாதகம் பொருந்தியதா, அவள் என்ன சொல்கிறாள், எல்லாவற்றையும் விவரமாக எழுது. பேரன் எழுந்துவிட்டான்.

அன்புடன்,
வசந்தா