மரபியல் பாடம் எழுதும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நாக்கைக் குழல்போல் சுருட்ட முடிகிறதா, காதுமடலின் அடி கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று வகுப்பில் கணக்கெடுத்து, அதையே ஓங்கு (பெற்றோரில் ஒருவரிடமிருந்து மரபணு வந்தாலே வெளிப்படும்), ஒடுங்கு (இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும்) பண்புகளுக்குச் சான்றாகக் காட்டும் செய்முறையைப் பாடத்திலிருந்து நீக்குங்கள். மரபியல் கற்பிக்கும் எங்கள் கோரிக்கை இதுதான்.

நாக்கைச் சுருட்டுவது ஒற்றை ஓங்கு மரபணுவின் வேலை என்று 1940-இல் சொன்னவர் அமெரிக்க மரபியலாளர் ஆல்பிரெட் ஸ்டர்டெவன்ட். 1952-இல் ஒருகரு இரட்டையர் 33 ஜோடிகளைச் சோதித்தார்கள். 7 ஜோடிகளில் ஒருவருக்கு நாக்கு சுருண்டது, மற்றவருக்குச் சுருளவில்லை. ஒரே மரபணுத் தொகுதி உள்ளவர்களிடமே இந்த வேறுபாடு! ஸ்டர்டெவன்டே 1965-இல் தம் கருத்தைக் கைவிட்டார். காதுமடலும் அப்படித்தான். 2017-இல் வெளியான ஆய்வு, மரபணுத் தொகுதியில் 49 இடங்கள் அதன் அமைப்போடு தொடர்புடையவை என்று காட்டியது. முழுதும் ஒட்டியது, முழுதும் தொங்குவது என்ற இரண்டுக்கும் நடுவே எத்தனையோ நிலைகள் உண்டு. கம்மல் குத்தும் இடத்தை நாலு பேரிடம் உற்றுப் பார்த்தாலே தெரியும்.

இது வெறும் தகவல் பிழை அல்ல. அப்பா அம்மா இருவருக்கும் நாக்கு சுருளாது, பிள்ளைக்குச் சுருளும் என்றால், பாடத்தின்படி அந்தப் பிள்ளை அவர்களுக்குப் பிறந்திருக்க முடியாது. பதின்ம வயதுப் பிள்ளையின் மனதில் இப்படியொரு சந்தேகத்தை விதைக்க யாருக்கும் உரிமை இல்லை.

மாற்றாக உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் பட நிற்க வேண்டும். உச்சந்தலையில் மட்டமாக அட்டை வைத்துக் குறிக்க வேண்டும். கொண்டையும் உயர்த்திக் கட்டிய பின்னலும் அளவைக் கெடுக்கும். காலையைவிட மாலையில் உயரம் ஏறக்குறைய ஒரு செ.மீ. குறைவதால் எல்லோரையும் ஒரே பாடவேளையில் அளக்க வேண்டும். 5 செ.மீ. இடைவெளியில் பட்டை வரைபடம் போடட்டும். ஆண், பெண் தனித்தனியாக. கலந்தால் வடிவம் குழம்பும். 2022-இல், 54 லட்சம் பேரின் தரவிலிருந்து உயரத்தோடு தொடர்புடைய 12,111 மரபணு வேறுபாடுகள் கண்டறியப்பட்டன. பல மரபணுக்கள் சேர்ந்து உருவாக்கும் பலமரபணுப் பண்பை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். ஊட்டத்தின் பங்கையும் அங்கேயே பேசிவிடலாம்.

ஒற்றை மரபணுப் பண்புக்கு எடுத்துக்காட்டாகக் காதுக்குறும்பி இருக்கிறது. ஏபிசிசி11 மரபணுவின் 538-ஆம் இடத்தில் ஜி என்ற டி.என்.ஏ. எழுத்துக்குப் பதில் ஏ இருந்து, அது அப்பா, அம்மா வழி வந்த இரு பிரதிகளிலும் அமைந்தால் குறும்பி உலர்ந்திருக்கும். இல்லையேல் பிசுபிசுப்பாக இருக்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை 2006-இல் கண்டறிந்தார்கள். கொரியாவிலும் வட சீனாவிலும் பெரும்பாலோருக்கு உலர்ந்தது; ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலோருக்குப் பிசுபிசுப்பானது. ஒரே எழுத்து மாற்றம் மக்களினங்களிடையே எவ்வளவு ஏறியிறங்குகிறது என்பதை உலக வரைபடத்தில் காட்டலாம். ஆனால் பிள்ளைகளின் காதில் பஞ்சுக்குச்சி விட வேண்டாம், குறும்பி இன்னும் உள்ளே போய்விடும். வீட்டாரின் விவரமும் கேட்க வேண்டாம். அச்சிட்ட வம்சாவளிப் படமே போதும்.

புதிய பதிப்பு வரும்வரை ஆசிரியர் கையேட்டில் ஒரு திருத்தத்தாள் சேர்த்து அனுப்புங்கள். "பெற்றோர் இருவருக்கும் நாக்கு சுருளாது, பிள்ளைக்குச் சுருளுமா?" என்ற கேள்விக்கு "சுருளலாம்" என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மரபியல் ஆசிரியர்கள்