வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலக வர்த்தக நிறுவனத்தில் பேச்சுவார்த்தை என்றால் நம் தமிழ்ப் பத்திரிகைகளில் உள்பக்கத்தில் நாலு வரி வரும், அதோடு சரி. அது பெரிய முதலாளிகள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவன்தான் நானும், என் அண்ணனுக்கு ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோய் என்று தெரியும்வரை.

அரசாங்க மருத்துவமனையில் அவருக்குக் கொடுத்தது தினம் ஒரு சொபோஸ்புவிர், கூடவே ஒரு டக்ளாடஸ்விர், 12 வாரத்துக்கு. மாத்திரை போட்டதும் அண்ணி சமையலறை நாள்காட்டியில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போடுவார். மொத்தம் 84 கோடு. அந்த நாள்காட்டியை இன்னும் கழற்றவில்லை.

சொபோஸ்புவிர் காப்புரிமை (பேட்டன்ட்) உள்ள மருந்து, விலையோ நம்மைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்க முடியாதது. 2017 செப்டம்பரில் மலேசிய அரசாங்கம் காப்புரிமைச் சட்டத்தில் தனக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி, மலிவான மாற்று மருந்தை அரசாங்க மருத்துவமனைகளுக்கு வரவழைக்க வழி செய்தது. 2003இலேயே எச்ஐவி மருந்துகளுக்கு இதே போல் செய்து இந்தியாவிலிருந்து தருவித்தார்கள். இதற்கெல்லாம் தெம்பு கொடுத்தது 2001 நவம்பர் 14 அன்று உலக வர்த்தக நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் தோஹாவில் ஏற்ற பிரகடனம். காப்புரிமை போன்றவற்றுக்கான அந்த நிறுவனத்தின் டிரிப்ஸ் ஒப்பந்தம் மக்கள் சுகாதாரத்தைக் காக்க நாடுகள் எடுக்கும் நடவடிக்கையைத் தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது என்று அதில் இருக்கிறது. அந்த வரிகளுக்காக ஆப்பிரிக்க நாடுகளும் பிரேசிலும் இந்தியாவும் மாதக்கணக்கில் போராடின.

அந்த நிறுவனத்தில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைத்தான் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன். உறுப்பு நாடுகள் 166. வாக்கெடுப்புக்கு விதி இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கமே போவதில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நாடு எதுவும் முறைப்படி எதிர்க்கவில்லை என்றால் எல்லாரும் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. ஒத்துப்போகாத சொற்களை வரைவில் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைத்து, அந்தக் குறி ஒவ்வொன்றும் விழுகிறவரை பேசுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் அதன் தலைமையகம் உள்ள ஜெனீவாவில் நாலைந்து கூட்டம் நடக்கும்போது ஒன்றிரண்டு அதிகாரிகளை வைத்திருக்கும் ஏழை நாடு எதற்கென்று ஓடும்? அங்கே ஆளே இல்லாத நாடுகளும் உண்டு. அப்புறம், சிக்கலான விஷயங்களைப் பச்சை அறை என்று சொல்கிற சிறு கூட்டத்தில் இருபது முப்பது நாடுகள் பேசி முடித்துக் கொண்டுவரும்போது, வெளியே நின்ற நாடு நடுராத்திரியில் தனியாக எழுந்து மாட்டேன் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நம் பினாங்கில் பிறந்த மார்ட்டின் கோர், 2020இல் காலமானவர், இந்த முறையை வருடக்கணக்கில் எதிர்த்து எழுதினார். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் வேலை செய்தவர். ஊருக்குள்ளேயே இப்படி ஒருவர் இருந்தார் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

கோவிட் காலத்தையும் பாருங்கள். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் அந்த நிறுவனத்தில் காப்புரிமைத் தளர்வு கேட்டன. 2022 ஜூனில்தான் முடிவு வந்தது, அதுவும் தடுப்பூசிக்கு மட்டும். அதற்குள் எத்தனை உயிர் போய்விட்டது.

நம் நாட்டில் வெளிநாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது அரசாங்கத்தின் அதிகாரம். சட்டம் திருத்த வேண்டி வந்தால்தான் நாடாளுமன்றத்துக்குக் கட்டாயம் வரும், அப்போது பேசி என்ன பயன்? அதனால் என் கோரிக்கை இரண்டு. உலக வர்த்தக நிறுவனத்தின் ஒவ்வொரு அமைச்சர்கள் மாநாட்டுக்கும் முன்பே, மருந்து, மீன்பிடி, விவசாயம் ஆகியவற்றில் மலேசியா எதை ஏற்கப் போகிறது, எதை மறுக்கப் போகிறது என்று அமைச்சரைக் கேட்டு நீங்கள் முதல் பக்கத்தில் போட வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் வீட்டுப் படியேறும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதே கேள்வியை மக்களவையில், அமைச்சர் மாநாட்டுக்குப் புறப்படுவதற்கு முன்னால், கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகர்