எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும்

அன்புள்ள தம்பிக்கு,

மலைச்சரிவில் சைக்கிள் ஓட்டும்போது ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி வீசப்பட்டதையும், கையூன்றி விழுந்ததில் மணிக்கட்டு வீங்கியதையும், எக்ஸ்ரே பார்த்துவிட்டு முறிவு இல்லை என்று அனுப்பிவிட்டதையும் எழுதியிருந்தாய். அடுத்த வாரமே டவுன்ஹில், அதாவது மறுபடி சரிவிறங்கும் ஓட்டத்துக்கு, போகலாமா என்று கேட்கிறாய். போகாதே.

கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டு. அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி விழும். மறுகை ஆள்காட்டி விரலால் அங்கே அழுத்து. வலித்தால், ஸ்காஃபாய்டு என்ற மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ள வேண்டும். முந்திரிப்பருப்பு அளவு எலும்புதான். ஆனால் கையூன்றி விழுகிறவர்களுக்கு அடிக்கடி உடைவது அது. உடைந்த இரு பக்கமும் விலகாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் முதல் நாள் படத்தில் எதுவும் தெரியாமல் போகும். விளிம்பு கொஞ்சம் கரைந்த பிறகுதான் கோடு புலப்படும். அதனால்தான் 10 முதல் 14 நாள் கழித்து இன்னொரு முறை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க வசதி இருந்தால் அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. எப்படியானாலும், முடிவு தெரியும்வரை கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் பட்டை கையில் இருக்கட்டும். 'குழியில் அழுத்தினால் வலிக்கிறது' என்ற அந்த ஒரு விவரத்தை மருத்துவரிடம் நீயாகவே சொல்லிவிடு.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் ரத்த ஓட்டம். இந்த எலும்புக்குப் பெரும்பாலான ரத்தம் விரல் பக்க முனை வழியாக நுழைந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் உடைந்தால் முன்கைப் பக்கத் துண்டு பட்டினி கிடக்கும். சில சமயம் அந்தத் துண்டு செத்தே போகும். சேராத முறிவோடு வருடக்கணக்கில் ஓட்டினால் மணிக்கட்டு மூட்டே தேய்ந்துவிடும். ஆரம்பத்திலேயே கட்டிவிட்டால், விலகாத முறிவு பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் சேர்ந்துவிடுகிறது. இரண்டையும் ஒப்பிட்டால், காத்திருப்பது எனக்குப் பெரிய விலையாகத் தெரியவில்லை.

தலையைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. மூளை அதிர்ச்சிக்கு நினைவு தப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, பேச்சில் கவனம் நழுவுவது, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை போதும். இவை சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம். தலைவலி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கைகால் மரத்துப்போனால் அல்லது பலம் குறைந்தால், கழுத்து வலித்தால், எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தாலே அன்றைக்கு மறுபடி சைக்கிளில் ஏறக் கூடாது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, திரையை முடிந்தவரை குறைத்து. பிறகு நடை, அசையாத சைக்கிள், சமதளப் பாதை என்று படிப்படியாக. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி கூடினால் ஒரு படி கீழே. சரிவும் தாவலும் மருத்துவர் சரி என்ற பிறகுதான். தலையில் ரத்தக்கசிவு இல்லை என்று தெளிவாகும்வரை ஆஸ்பிரின், இபுப்ரூஃபன் வேண்டாம்; வலிக்கு பாராசிட்டமால் போதும்.

ஹெல்மெட் தரையில் மோதியிருந்தால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றிவிடு. உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கித்தான் அடியை வாங்குகிறது. நசுங்கிய இடம் அடுத்த அடியைத் தாங்காது.

ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தியதா? தோலில் வட்டமாக ஒரு சிவப்புத் தடம் மட்டுமே இருந்தாலும் உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கலாம். வயிற்று வலி கூடுவது, தலைசுற்றல், அடிபடாத இடது தோளில் வலி, இவற்றில் எது வந்தாலும் இரவானாலும் மருத்துவமனைக்குப் போ. இதனால்தான் முனை அடைப்பான் கழன்ற ஹேண்டில்பாரோடு ஒரு நாளும் ஓட்டக் கூடாது. திறந்த குழாய் முனை உடம்பில் வட்டமாக வெட்டி இறங்கும்.

சைக்கிளையும் பார்த்துவிடு. ஹேண்டில்பார் கார்பன் என்றால் ஆழமான கீறல் ஒன்று போதும், கழற்றி எறிய. அலுமினியம் வளைந்திருந்தால் நிமிர்த்தாதே, மாற்று. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் திருகுகளைத் தளர்த்தி, முன் சக்கரத்தோடு நேராக்கி, ஸ்டெம்மிலேயே அச்சிட்டிருக்கும் அளவுக்கு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்கு; பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். பிரேக் லீவரின் கவ்வியை மட்டும் கல்லாக இறுக்காதே. ஓட்டும்போது நகராமல், விழுந்தால் சுழன்றுகொடுக்கும் அளவு போதும். லீவர் முறியாமல் தப்பும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் உள்குழாயில் நகத்துக்குத் தட்டும் கீறல் இருந்தால் சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகும்.

விழுந்ததற்குக் காரணம் நீ எழுதியதிலேயே இருக்கிறது: படி போன்ற இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்தபடி இறங்கியிருக்கிறாய். முன் சக்கரம் பள்ளத்தில் விழும் நொடியில் அது உருண்டே ஆக வேண்டும். உருளாவிட்டால் அந்தச் சக்கரத்தை அச்சாகக் கொண்டு சைக்கிளும் நீயும் கவிழ்வீர்கள். வேகத்தைப் படிக்கு முன்பே, சீரான தரையில் குறைத்துவிடு. விளிம்பில் முன் பிரேக்கை விடு. சக்கரம் கீழே நிலைகொண்டதும் மறுபடி பிடி. குதிகால் தாழ்ந்து, முழங்கை விரிந்து, எடை பாதத்தில் இருக்கட்டும். பயத்தில் இருக்கைக்குப் பின்னால் தொங்குகிறவர்களும் உண்டு. முன் சக்கரத்தில் எடையில்லாமல் அடுத்த வளைவில் அது வழுக்கிவிடும். பின் ஷாக்கின் ரீபவுண்டையும், அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப எழும் வேகத்தையும், ஒன்றிரண்டு கிளிக் மெதுவாக்கிப் பார். மிக வேகமாக இருந்தால் ஒவ்வொரு தாவலிலும் பின்சக்கரம் உன்னை முன்னே உதைக்கும்.

இரண்டாவது எக்ஸ்ரே சுத்தமாக வந்து, தலையில் அறிகுறி இல்லாமல், மருத்துவரும் அனுமதித்த பிறகு, தரையில் கையூன்றி முழு எடையையும் போட்டுப் பார். பிரேக் லீவரை ஒரு விரலால் ஒரு நிமிடம் விடாமல் இழுத்துப் பிடி. இரண்டிலும் வலி இல்லை என்றால், உனக்குப் பழக்கமான ஆகச் சுலபமான தடத்தில், தாவல்களைத் தவிர்த்துத் தொடங்கு. கை சோர்ந்ததும் நிறுத்து, இன்னும் ஒரே ஒரு சுற்று என்று போகாதே.

அன்புடன்,
அண்ணன்